ஐரோப்பா ஒன்றான கதை – 9: பாரிஸில் பிறந்து பாரிஸில் மடிந்த படை

நிலக்கரியையும் எஃகையும் பொதுவில் வைப்போம் என்று ரொபேர் ஷூமான் அறிவித்து 47 நாள்தான் ஆகியிருந்தது. 1950 ஜூன் 25 அதிகாலை வட கொரியப் படைகள் 38ஆவது அட்சரேகையைத் தாண்டித் தெற்கே இறங்கின. மூன்றே நாளில் சோல் நகரம் விழுந்தது.

பாரிஸிலிருந்து பார்த்தால் கொரியா உலகத்தின் மறுகோடி. ஆனாலும் அந்த வாரம் ஐரோப்பியத் தலைநகரங்களில் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். ஜெர்மனியும் கொரியாவைப் போலவே இரண்டாக வெட்டப்பட்ட நாடு. கிழக்குப் பாதியில் சோவியத் ராணுவம் உட்கார்ந்திருந்தது. போதாததற்குக் காவல்துறை என்ற பெயரில் கிழக்கு ஜெர்மனியே ஓர் ஆயுதப்படையைத் திரட்டிக்கொண்டிருந்தது. மேற்கு ஜெர்மனிக்கோ ஒரு சிப்பாய்கூடக் கிடையாது. அன்றைய மேற்கத்திய மதிப்பீட்டின்படி சோவியத் பக்கம் 175 டிவிஷன்கள். அந்த எண்ணிக்கை ஊதிப் பெருக்கப்பட்டது என்பது பின்னால்தான் தெரிந்தது. அதற்கு எதிரே மேற்கு ஐரோப்பாவில் உருப்படியாக நிறுத்தக்கூடியவை பதினைந்துகூடத் தேறாது. பிரான்ஸின் தேர்ந்த அதிகாரிகள் எல்லாம் இந்தோசீனக் காடுகளில் இருந்தார்கள்.

செப்டம்பரில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் மூன்று வெளியுறவு அமைச்சர்கள் கூடினார்கள். அமெரிக்காவின் டீன் அச்சேசன், பிரிட்டனின் எர்னஸ்ட் பெவின், பிரான்ஸின் ஷூமான். அச்சேசன் சுற்றி வளைக்கவில்லை. அமெரிக்கத் துருப்புகள் ஐரோப்பாவுக்கு வரும், அமெரிக்கத் தளபதி வருவார், பணமும் வரும். ஆனால் ஜெர்மானியர்களும் துப்பாக்கி ஏந்த வேண்டும், பத்து டிவிஷன் வேண்டும். எல்லாம் சேர்ந்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் எதுவும் இல்லை.

ஷூமானுக்கு இடி விழுந்ததுபோல் இருந்தது. போர் முடிந்து ஐந்து ஆண்டு. பிரான்ஸில் ஆக்கிரமிப்புக் காலத்தின் காயம் ஆறாத வீடே இல்லை. அன்றைய பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சர் ழூல் மோக், நாஜி எதிர்ப்பு இயக்கத்தில் இருந்த மகனை 1944இல் பறிகொடுத்தவர். ஜெர்மன் சிப்பாய்க்கு மறுபடியும் சீருடை மாட்டும் கோப்பில் அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னால் எப்படிப் போடுவார்?

இந்த இடத்தில்தான் மொனே வருகிறார். பதவி என்று பார்த்தால் ழான் மொனே திட்டக் குழுவின் தலைவர் மட்டுமே. தேர்தலில் நின்றவரும் இல்லை. ஆனால் பிரதமர் ரெனே பிளேவன் இளம் வயதில் அவரிடம் உதவியாளராக வேலை பார்த்தவர். மொனே போட்ட கணக்கு இது. ஜெர்மனிக்கு நேட்டோ வழியாகத் தனிப்படை கிடைத்துவிட்டால், நிலக்கரி–எஃகுப் பேச்சுவார்த்தையில் அவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியமே இருக்காது. மே மாதத்தில் தொடங்கியது அக்டோபரிலேயே கரைந்துவிடும். ஜெர்மன் படை வருவதைத் தடுக்க முடியாது என்றால், அது ஜெர்மனியின் படையாக வராமல் இருக்க ஒரே வழி, ஐரோப்பாவின் படையாக வரவைப்பது. நிலக்கரிக்குச் செய்ததையே ராணுவத்துக்கும் செய்துவிடலாம்.

அக்டோபர் 24 அன்று பிளேவன் தேசிய சபையில் திட்டத்தை வைத்தார். ஒரு ஐரோப்பியப் பாதுகாப்பு அமைச்சர், ஒரு பொது பட்ஜெட், ஒரு சபை, ஒரே படை. ஒவ்வொரு நாட்டின் வீரர்களும் மிகச் சிறிய அலகுகளாக அதில் கலந்துவிட வேண்டும். மற்ற நாடுகள் தங்கள் சொந்தப் படைகளையும் வைத்துக்கொள்ளலாம். ஜெர்மனிக்கு மட்டும் அது கிடையாது. நிலக்கரி–எஃகு ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் எதுவுமே தொடங்கும். சபை பெரும்பான்மையோடு வரவேற்றது.

அந்த வரவேற்பை அப்படியே நம்பிவிடக் கூடாது. கைதூக்கியவர்களில் ஒரு பாதிப்பேர் ஐரோப்பாவை நம்பியவர்கள். இன்னொரு பாதிக்கு அது காலம் கடத்தும் உபாயம்: கமிட்டி போட்டுப் பேசுவோம், வரைவு எழுதுவோம், அதற்குள் கொரியா அடங்கிவிடும், அமெரிக்காவும் மறந்துவிடும். தள்ளிப்போடுவதற்கென்றே பலர் ஆதரித்த திட்டம் பின்னால் தள்ளிப்போட்டே கொல்லப்பட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

நிலக்கரி–எஃகு ஒப்பந்தம் மட்டும் நன்றாகவே முடிந்தது. 1951 ஏப்ரல் 18 அன்று பாரிஸில் ஆறு நாடுகள் கையெழுத்திட்டன. பிரெஞ்சு அரசு அச்சகம் அந்தப் பிரதியை நெதர்லாந்தின் தாளில் ஜெர்மன் மையால் அச்சிட்டது. புத்தகக் கட்டைப் பெல்ஜியமும் லக்ஸம்பர்கும் தந்தன. அடையாளப் பட்டு நாடா இத்தாலியிலிருந்து வந்தது. ஓர் ஒப்பந்தத்தின் தாளையும் மையையும்கூட இப்படிப் பங்கு பிரித்தவர்கள் படையை எப்படிப் பங்கு பிரித்திருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

படைப் பேச்சு 1951 பிப்ரவரி 15 அன்று பாரிஸில் தொடங்கியது. எர்வே ஆல்பான் தலைமை. பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், லக்ஸம்பர்க் மேசைக்கு வந்தன. நெதர்லாந்து முதலில் பார்வையாளராக உட்கார்ந்து, அக்டோபரில்தான் சேர்ந்தது. ஜெர்மன் குழுவுக்குத் தலைவர் தியோடோர் பிளாங்க். கூடவே ராணுவ ஆலோசகராக வந்தவர் ஹன்ஸ் ஷ்பைடல். இவருக்குப் பாரிஸ் புதிதல்ல. 1940இல் பாரிஸைப் பிடித்த ஜெர்மன் ராணுவ நிர்வாகத்தின் தலைமையகத்தில் இருந்தவர், 1944இல் ரோமலின் படைத் தலைமை அதிகாரி. இப்போது அதே ஊருக்குக் கோட்டு சூட்டோடு விருந்தாளியாக வந்து, பிரெஞ்சு அதிகாரிகளுக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு டிவிஷனில் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்று பேசினார். கம்யூனிஸ்டுகளுக்குச் சுவரொட்டி அடிக்க வேறென்ன வேண்டும்?

ஜெர்மனியிலும் எல்லோரும் துள்ளிக் குதித்து வரவில்லை. சான்சலர் அடனாவர் தம் அமைச்சரவையைக் கேட்காமலே அமெரிக்கர்களிடம் படை தருவதாகச் சொல்லிவிட்டார் என்று உள்துறை அமைச்சர் குஸ்டாஃப் ஹைனமன் 1950 அக்டோபரிலேயே பதவியை விட்டுப் போனார். ‘என்னை விட்டுவிடுங்கள்’ என்பதுதான் அங்கே இளைஞர்களின் முழக்கம். நகரமே இடிபாடாகக் கிடக்கும்போது யாருக்கு வேண்டும் மறுபடி துப்பாக்கி? அடனாவரின் கணக்கு வேறு. படை தந்தால் பதிலுக்கு இறையாண்மை கிடைக்கும். ஆக்கிரமிப்புச் சட்டம் போகும். ஜெர்மனி மேசையில் சமமாக உட்காரும். 1952 மார்ச் 10 அன்று ஸ்டாலினே ஒரு தூண்டில் போட்டார்: எந்த அணியிலும் சேராமல் இருந்தால் ஒன்றுபட்ட ஜெர்மனி கிடைக்கும். அடனாவர் கடிக்கவில்லை. ஒன்றுபட்ட நடுநிலை ஜெர்மனியைவிட மேற்கோடு கட்டுண்ட அரை ஜெர்மனியே மேல் என்பது அவர் முடிவு. அது சரியா என்று ஜெர்மன் வரலாற்றாசிரியர்கள் இன்றைக்கும் மல்லுக்கட்டுகிறார்கள்.

பிரிட்டன் கதை தனி. 1950 ஆகஸ்டில் ஸ்ட்ராஸ்பர்கில் எழுந்து நின்று ஐரோப்பியப் படை வேண்டும் என்று முதலில் முழங்கியவரே சர்ச்சில்தான். அப்போது அவர் எதிர்க்கட்சித் தலைவர். அடுத்த ஆண்டு அக்டோபரில் பிரதமரானதும், அதில் பிரிட்டன் சேரும் என்று தாம் சொல்லவே இல்லையே என்ற தோரணை. வாஷிங்டனில் ஒரு விருந்தில், பல நாட்டுச் சிப்பாய்கள் கலந்த ஒரு பிளட்டூனைப் பிரெஞ்சு சார்ஜெண்ட் ஒருவர் வியர்க்க வியர்க்க அணிவகுக்க வைக்கும் காட்சியை அவர் நடித்தே காட்டியதாக அச்சேசன் பின்னாளில் எழுதினார். சிரிப்புத்தான். ஆனால் பிரிட்டன் வராத அந்தப் படையில், ஜெர்மனிக்கு எதிரே தராசின் மறு தட்டில் பிரான்ஸ் தனியாகத்தான் உட்கார வேண்டும். பாரிஸில் இதை யோசித்தவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

1952 மே 27 அன்று, ஷூமான் இரண்டாண்டு முன்பு தம் அறிவிப்பை வாசித்த அதே வெளியுறவு அமைச்சகக் கூடத்தில், ஐரோப்பியப் பாதுகாப்புச் சமூக ஒப்பந்தம் கையெழுத்தானது. பிளேவன் சொன்னதும் இதுவும் ஒன்றல்ல. சிறிய அலகுகளில் கலப்பது ராணுவ ரீதியில் கேலிக்கூத்து என்று தளபதிகள் எல்லோரும் சொல்லிவிட்டதால், ஏறத்தாழ 13,000 பேர் கொண்ட டிவிஷன் வரை ஒரே நாட்டவர்; அதற்கு மேல்தான் கலப்பு. ஜெர்மனிக்கு 12 டிவிஷன். ஒரு தனி அமைச்சருக்குப் பதில் ஒன்பது பேர் கொண்ட ஆணையம். ஒரே சீருடை. போர்க்காலத்தில் முழுப் படையும் நேட்டோவின் அமெரிக்கத் தளபதியின் கீழ்.

ஒப்பந்தத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி பணம் பற்றியது. பொது பட்ஜெட்டுக்கு ஒரு நாடு எவ்வளவு தருகிறதோ, அதில் குறைந்தது 85 விழுக்காட்டை ஆணையம் அந்த நாட்டிலேயே செலவழிக்க வேண்டும். 115 விழுக்காட்டுக்கு மேலும் போகக் கூடாது. அதாவது உயிரைக் கொடுப்பதில் ஒன்றாக இருப்போம். ஆர்டர் கொடுப்பதில் அவரவர் தொழிற்சாலைக்கு அவரவர் பணம். கொரியப் போரால் எஃகு, ரப்பர், செம்பு எல்லாம் விலை ஏறிக் கிடந்தன. மார்ஷல் திட்டப் பணம் நின்று, அமெரிக்க உதவி ராணுவ உதவியாக மாறியிருந்தது. துப்பாக்கிக்கான ஆர்டர் என்பது தொழிலாளிக்கு வேலை, அமைச்சருக்கு வாக்கு. எழுபது ஆண்டுக்குப் பிறகும் இந்தக் கவலை அப்படியேதான் இருக்கிறது. 2025 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் ஆயுதம் வாங்க 150 பில்லியன் யூரோ கடன் திட்டம் ஒன்றை நிறைவேற்றியபோது மாதக்கணக்கில் இழுபட்ட சண்டைகளில் ஒன்று, அந்தப் பணத்தில் எவ்வளவு வெளிநாட்டு உதிரிபாகங்களுக்குப் போகலாம் என்பது. 35 விழுக்காடு என்று முடித்தார்கள்.

ஒப்பந்தத்தின் 38ஆவது பிரிவு இன்னும் பெரிய விஷயத்தைத் தொட்டது. படை இருக்கிறது, அதற்கு உத்தரவிடும் அரசாங்கம் எங்கே? இத்தாலியப் பிரதமர் அல்சிதே டி காஸ்பெரி கேட்ட கேள்வி அது. ஆஸ்திரியப் பேரரசின் கீழிருந்த ட்ரெண்டினோவில் பிறந்து, வியன்னா நாடாளுமன்றத்திலேயே உறுப்பினராக இருந்தவர் அவர். எல்லைகள் எவ்வளவு எளிதாக இடம் மாறும் என்பதை வாழ்ந்து பார்த்தவர். மக்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு சபையும் கூட்டாட்சி அமைப்பும் வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதால்தான் அந்தப் பிரிவு உள்ளே வந்தது. பெல்ஜியத்தின் போல்–ஆன்ரி ஸ்பாக் தலைமையில் 87 பேர் ஸ்ட்ராஸ்பர்கில் உட்கார்ந்து, 1953 மார்ச்சில் ஐரோப்பிய அரசியல் சமூகத்துக்கு ஒரு வரைவுச் சட்டத்தையே எழுதி முடித்தார்கள். இரு அவைகள், அமைச்சரவை, நீதிமன்றம். இன்றைய ஒன்றியத்திடம்கூட இல்லாத சில அதிகாரங்கள் அதில் இருந்தன. வெளியுறவு அமைச்சர்கள் அதை மரியாதையோடு வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அந்த வரைவு கைக்கு வந்ததற்குச் சில நாள் முன்பு, மார்ச் 5 அன்று, ஸ்டாலின் இறந்தார். ஜூலையில் கொரியாவில் போர்நிறுத்தம். ஐரோப்பியப் படையைப் பெற்றெடுத்த பயங்கள் இரண்டும் ஐந்து மாதத்துக்குள் தணிந்துவிட்டன. ஒப்பந்தமோ இன்னும் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வரவில்லை.

மேற்கு ஜெர்மனியின் பண்டஸ்டாக் 1953 மார்ச்சில் ஒப்புதல் கொடுத்தது. 1954 வசந்தத்துக்குள் நெதர்லாந்து, பெல்ஜியம், லக்ஸம்பர்க் மூன்றும் முடித்துவிட்டன. இத்தாலி பிரான்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றது. பிரான்ஸ் என்ன செய்துகொண்டிருந்தது? பிளேவன் திட்டம் அறிவித்த நாள் முதல் ஒப்பந்தம் வாக்கெடுப்புக்கு வந்த நாள் வரை ஏழு பேர் அங்கே பிரதமர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். 1953இல் ஐந்து வாரம் அரசாங்கமே இல்லை. எந்தப் பிரதமருக்கும் பெரும்பான்மை பல கட்சிகளின் ஒட்டு. அந்த ஒட்டில் ஒப்பந்தத்தின் ஆதரவாளரும் எதிரியும் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்திருந்தார்கள். சபையில் வைத்தால் ஆட்சி கவிழும். வைக்காவிட்டால் ஆட்சி ஓடும். ஷூமான் 1953 ஜனவரியில் வெளியுறவுத் துறையை இழந்தார். அடுத்து வந்த ழோர்ழ் பிடோ, ஒப்பந்தத்தை ஆதரிப்பதாகச் சொல்லிக்கொண்டே திருத்த நெறிமுறைகள் கேட்டு ஓராண்டுக்கு மேல் ஓட்டினார்.

வரலாற்றுப் புத்தகங்கள் பலவற்றில் இந்த ஒப்பந்தத்தைக் கொன்றவர் என்று, 1954இல் பிரதமரான மெந்தெஸ் பிரான்ஸின் பெயர்தான் இருக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1952 கோடையில், மை காய்வதற்குள், ஷூமான் துணிந்து சபையில் வைத்திருந்தால் ஜெயித்திருக்க வாய்ப்பு இருந்தது. ஆதரவாளர்கள் தோற்றுவிடுவோமோ என்று பயந்து, எதிரிகள் வளர இரண்டாண்டு அவகாசம் கொடுத்தார்கள்.

வளர்ந்தார்கள். கம்யூனிஸ்டுகளும் த கோலின் ஆட்களும் ஒரே மேடையில் ஏறிய அதிசயம் நடந்தது. முதலாமவருக்கு இது மாஸ்கோவுக்கு எதிரான படை. இரண்டாமவருக்குப் பிரான்ஸின் ராணுவத்தை அழிக்கும் படை. சோஷலிஸ்ட் கட்சியும் ராடிக்கல் கட்சியும் நடுவில் பிளந்தன. குடும்பங்கள் சாப்பாட்டு மேசையில் சண்டை போட்டன. டிரைஃபஸ் வழக்குக்குப் பிறகு பிரான்ஸ் இப்படி ஒரு கருத்துப்போரைக் கண்டதில்லை என்று ரேமோன் ஆரோன் எழுதினார். அணு விஞ்ஞானிகளின் வட்டாரத்திலும் முணுமுணுப்பு: அணுப் பொருள் தயாரிக்கவும் இனி ஆணையத்தின் அனுமதி வேண்டுமாமே? எல்லாவற்றுக்கும் மேலே இந்தோசீனா. சம்பள ராணுவம் முழுக்க அங்கே மாட்டிக்கொண்டிருக்க, இங்கே 12 ஜெர்மன் டிவிஷனுக்குச் சமமாக நிறுத்தப் பிரான்ஸிடம் என்ன இருக்கிறது?

1953 டிசம்பரில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் பாரிஸுக்கே வந்து மிரட்டினார். ஒப்பந்தம் நிறைவேறாவிட்டால் அமெரிக்கா தன் ஐரோப்பியக் கொள்கையை வேதனையோடு மறுபரிசீலனை செய்ய நேரும் என்றார். பிரெஞ்சுக்காரர்களிடம் இந்தத் தொனி எடுபடாது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

1954 மே 7 அன்று இந்தோசீனாவில் பிரெஞ்சுக் கோட்டையான தியென் பியென் பூ விழுந்தது. ஜூனில் ஆட்சி கவிழ்ந்து பியேர் மெந்தெஸ் பிரான்ஸ் வந்தார். ஒரு மாதத்துக்குள் இந்தோசீனாவில் சமாதானம், இல்லாவிட்டால் ராஜினாமா என்று கெடு வைத்துக்கொண்டு ஜெனீவாவுக்குப் போய், ஜூலை இறுதி வாரம் பிறப்பதற்குள் முடித்துவிட்டு வந்தவர். ஜூலை 31 அன்று துனிசியாவுக்குப் போய்த் தன்னாட்சி தருவதாக அறிவித்தார். ஏழாண்டு கோப்புகளை எல்லாம் ஏழு வாரத்தில் தீர்க்க வந்த மனிதர். மேசையில் மிச்சம் இருந்தது ஐரோப்பியப் படை.

அவருக்கு அதில் காதலும் இல்லை, பகையும் இல்லை. கழுத்தில் தொங்கும் சுமை, அவ்வளவுதான். ஒப்பந்தத்தின் நாடு கடந்த அம்சங்களைச் சில ஆண்டுகளுக்கு நிறுத்திவைக்கும் திருத்தங்களோடு ஆகஸ்ட் 19 அன்று பிரஸ்ஸல்ஸ் போனார். அந்தத் திருத்தமே அதிகம் என்று ஆதரவாளர்கள் கொதித்தார்கள். அதுவே போதாது என்று பிர் ஹக்கிம் போரின் நாயகன் ஜெனரல் கோனிக் உள்பட மூன்று கோலிய அமைச்சர்கள் ஏற்கெனவே விலகிவிட்டார்கள். பிரஸ்ஸல்ஸில் மற்ற ஐந்து நாடுகளும் அசையவில்லை. எங்களில் நான்கு நாடுகள் நாடாளுமன்றங்களில் அடி வாங்கி நிறைவேற்றியதை, உங்களுக்காக மறுபடி திறக்க வேண்டுமா? நியாயமான கேள்விதான். ஸ்பாக் நள்ளிரவு தாண்டியும் மன்றாடிப் பார்த்தார். 22ஆம் தேதி மாநாடு முறிந்தது. மறுநாள் மெந்தெஸ் பிரான்ஸ் விமானத்தில் சார்ட்வெல் போய்ச் சர்ச்சிலைப் பார்த்தார். இதற்கு நான்கு நாள் முன்பு, மாநாடு தொடங்கிய அதே 19ஆம் தேதி, டி காஸ்பெரி தம் மலை வீட்டில் இறந்துபோயிருந்தார்.

ஆகஸ்ட் 30, திங்கட்கிழமை. தேசிய சபை கூடும் பூர்போன் மாளிகையில் மூன்றாம் நாள் விவாதம். ஒப்பந்தத்தின் தகுதி பற்றி வாக்கெடுப்பே நடக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. ஜெனரல் ஓமெரான் என்ற உறுப்பினர், இதை விவாதிக்கவே தேவையில்லை என்று ஒரு நடைமுறைத் தீர்மானம் கொண்டுவந்தார். அதை ஆதரித்துப் பேச எழ முயன்றவர் எதுவார் எரியோ. வயது 82. மூன்று முறை பிரதமர், சபையின் கௌரவத் தலைவர். 1920களிலேயே ஐரோப்பிய ஐக்கியம் பேசியவர். மேடை ஏறத் தெம்பில்லாததால் இருந்த இடத்திலிருந்தே பேசினார். இந்த ஒப்பந்தம் பிரான்ஸின் முடிவு என்பதுதான் அவர் பேச்சின் சாரம். அதற்குப் பிறகு யார் என்ன சொல்லி என்ன? தீர்மானத்துக்கு ஆதரவாக 319, எதிராக 264. அமைச்சர்கள் வாக்களிக்கவில்லை. வென்றவர்கள் எழுந்து நின்று தேசிய கீதமான மார்செய்யேஸ் பாடினார்கள். கம்யூனிஸ்டும் கோலியரும் ஒரே குரலில். சோஷலிஸ்டுகளில் 50 பேர் ஒரு பக்கம், 53 பேர் மறு பக்கம். அந்த ஒரு கட்சி கட்டுப்பாட்டோடு வாக்களித்திருந்தால் முடிவே மாறியிருக்கும்.

கறுப்புக் காடு எனப்படும் கருவனத்தின் மலைவிடுதி ஒன்றில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த அடனாவருக்குச் செய்தி போனது. ஐரோப்பாவுக்குக் கறுப்பு நாள் என்றார். ஷூமானின் கட்சிக்காரர்கள் ‘ஆகஸ்ட் 30 குற்றம்’ என்றே அதைப் பல ஆண்டு குறிப்பிட்டுவந்தார்கள்.

இனி நடந்ததுதான் விசித்திரம். ஜெர்மன் படையைத் தடுத்துவிட்டோம் என்று பாடியவர்களுக்கு நான்கே மாதத்தில் அந்தப் படை வேறு வாசல் வழியாக வந்து சேர்ந்தது. பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஆந்தனி ஈடன் செப்டம்பரில் தலைநகரம் தலைநகரமாகப் பறந்தார். 1948இல் ஜெர்மனிக்கு எதிராகவும் சேர்த்துப் போட்ட பிரஸ்ஸல்ஸ் ஒப்பந்தம் ஒன்று தூசி படிந்து கிடந்தது. அதில் ஜெர்மனியையும் இத்தாலியையும் சேர்த்து, மேற்கு ஐரோப்பிய ஒன்றியம் என்று பெயர் வைத்து, அதன் வழியாக ஜெர்மனியை நேராக நேட்டோவுக்குள் கொண்டுபோகலாம் என்பது யோசனை. லண்டனில் ஒன்பது நாடுகள் கூடின. நான்கு டிவிஷன்களையும் ஒரு விமானப்படையையும் ஐரோப்பிய மண்ணிலேயே வைத்திருப்போம் என்று ஈடன் வாக்குக் கொடுத்தார். நான்காண்டாகப் பிரான்ஸ் கேட்டுக் கெஞ்சியது இதைத்தான். முன்பே கொடுத்திருந்தால் ஐரோப்பியப் படையே பிழைத்திருக்கும். அது செத்த பிறகு வந்தது பிரிட்டன்.

லண்டனில் ஒரு ராத்திரி கிளாரிட்ஜ் ஓட்டலில் அடனாவர் ஸ்பாக்கிடமும் லக்ஸம்பர்கின் ஜோசஃப் பெக்கிடமும் மனம் விட்டுப் பேசியதை, அருகே இருந்த ஜெர்மன் வாரப்பத்திரிகை நிருபர் ஒருவர் கேட்டு எழுதிவிட்டார். ஜெர்மானியர்களுக்குத் தனிப்படை வேண்டாம் என்று கவலைப்பட்டவர், ஜெர்மானியரான அடனாவரேதான். தான் கண்மூடிய பிறகு ஜெர்மானியர் பழைய தேசியவெறிக்குத் திரும்பிவிடுவார்களோ, தான் உயிரோடு இருக்கும்போதே ஐரோப்பாவோடு கட்டிப்போடுங்களேன் என்பதுதான் அந்த 78 வயதுக்காரரின் புலம்பல். தனிப்படை கூடாது என்று பிரெஞ்சு சபை எடுத்த முடிவால்தான் அவருக்குத் தனிப்படை கிடைத்தது.

அந்த அக்டோபர் மாதம் மெந்தெஸ் பிரான்ஸ் அரசின் மேசையில் நம் ஊர்க் கோப்பு ஒன்றும் இருந்தது. 18ஆம் தேதி புதுச்சேரி அருகே கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். 21ஆம் தேதி டெல்லியில் உடன்பாடு. 23ஆம் தேதி பாரிஸில் ஜெர்மனியை நேட்டோவில் சேர்க்கும் ஒப்பந்தங்கள். நவம்பர் 1 அன்று புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. அதே நாள் அல்ஜீரியாவில் குண்டுகள் வெடித்து அடுத்த போர் தொடங்கியது. கையெழுத்து வேகமாகவும் ஒப்புதல் ஆமை வேகத்திலும் நடப்பது பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் வழக்கம் என்பதைப் புதுச்சேரிக்காரர்களும் அறிவார்கள். 1956இல் கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தத்தை அந்தச் சபை 1962இல்தான் நிறைவேற்றியது.

பாரிஸ் ஒப்பந்தங்களும் சிக்காமல் போகவில்லை. 1954 டிசம்பர் 24 அன்று தேசிய சபை அவற்றின் முதல் பிரிவையே 280க்கு 259 என்று தோற்கடித்தது. கிறிஸ்துமஸ் முடிந்து வந்து, டிசம்பர் 30 அன்று 287க்கு 260 என்று நிறைவேற்றியது. 1955 மே 9 அன்று பாரிஸில் நடந்த நேட்டோ கூட்டத்தில் ஜெர்மானியர்கள் உறுப்பினராக வந்து அமர்ந்தார்கள். ஐந்து நாள் கழித்து வார்சா ஒப்பந்தம் பிறந்தது. பாதுகாப்பு என்ற துறை அன்றோடு அமெரிக்கக் குடையின் கீழ் போயிற்று. 2022இல் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்த பிறகுதான், அந்தக் குடைக்கு வெளியே தங்களிடம் என்ன இருக்கிறது என்று ஐரோப்பியர்கள் கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள். மேற்கு ஐரோப்பிய ஒன்றியமோ பெயரளவில் வாழ்ந்து 2011இல் மூடப்பட்டிருந்தது.

1954 நவம்பரில் மொனே, நிலக்கரி–எஃகு ஆணையத்தின் தலைவர் பதவியில் தாம் தொடரப்போவதில்லை என்று அறிவித்தார். ஐரோப்பா என்ற பேச்சை எடுத்தாலே பாரிஸில் முகம் சுளித்த மாதங்கள் அவை. ஆனால் ஹேக் நகரில் யோஹான் வில்லெம் பையன் என்ற நெதர்லாந்து வெளியுறவு அமைச்சரிடம் 1952இலிருந்தே ஒரு யோசனை கிடந்தது. அவர் அரசியல்வாதி ஆவதற்கு முன் வங்கிக்காரர். ராணுவம், சமஷ்டி போன்ற பெரிய சொற்கள் அவருக்கு ஒத்துவராது. சுங்க வரியை எடுத்துவிட்டு ஆறு நாட்டுக்கும் ஒரே சந்தை வைத்தால் என்ன என்பதுதான் அவர் கேட்டது. 1955 ஏப்ரலில் அதைத் தாளில் எழுதி ஸ்பாக்குக்கு அனுப்பினார். அமைச்சர்கள் எங்கே கூடுவது என்ற கேள்வி வந்தது. இத்தாலிய வெளியுறவு அமைச்சர் கயெத்தானோ மார்த்தினோவுக்கு சிசிலியில் தேர்தல் வேலை இருந்தது. ஊரை விட்டு நகர முடியாது. அப்படியானால் நாங்களே அங்கு வருகிறோம் என்று மற்ற ஐந்து பேரும் ஜூன் 1 அன்று மெஸ்ஸினாவில் போய் இறங்கினார்கள்.

(அடுத்த இதழில்: மெஸ்ஸினா)